முதலாம் இலக்கச் சொல்

மெல்ல, பலமாய், மெல்ல. ஃபி-னே-ஸ்த்ரா. சினியோரா நுன்சியாவின் இடது கையைத் தன் கைக்குள் வைத்து மேசை விளிம்பில் தட்டிக்கொண்டே மெற்றில்டா யன்னலைப் பார்த்தாள், ஏனென்றால் ஃபினேஸ்த்ரா என்றால் இத்தாலியன் பாசையில் யன்னல், சொல்லைச் சொல்லும்போது பொருளையும் பார்க்கவேணும் என்று இலாறியா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எதிர்வீட்டுப் பல்கனியில் ஒரு மனுசி விரிப்பை உதறினாள், தூசி வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் தெருவுக்கு இறங்கியது, பலெர்மோத் தூசிக்கும் அவசரமில்லை, ஒன்பது இருபது ஆகிவிட்டது, பதினொரு மணிக்கு மகன் வந்துவிடுவான், அதற்குள் இந்த மனுசியைத் துடைத்து நீலச் சட்டை போட்டு தலை இழுத்து கோப்பி குடுத்து இருபது சொல்லையும் இன்னொருக்கால் தட்டி எடுத்துவிட்டால் போதும். இருபது இல்லை, பத்தொன்பது. பத்தொன்பது என்று மனசு தானாகவே திருத்திக்கொண்டது, நாற்பது நாளாய் அப்படித்தான் திருத்துகிறது, திருத்தும்போதெல்லாம் தொண்டைக்குள் ஒரு மீன்முள் நிற்கிறமாதிரி இருக்கும், விழுங்கினாலும் போகாது, காறினாலும் வராது. சினியோரா வாயைக் குவித்து ஃபி என்று காற்றை ஊதினாள், னே வந்தது, கடைசி வரவில்லை, ஆனால் உதடு அசைந்தது. "நல்லது, நல்லது, யன்னல் பாதி திறந்திட்டுது," என்றாள் மெற்றில்டா. சினியோரா அவளைப் பார்த்து, "எக்கோ," என்றாள். எக்கோ என்றால் இந்தா என்று அர்த்தம். டிசம்பர் மாதத்துக் காலமை ஒன்றில் கோப்பிக் கோப்பையோடு நிலத்தில் விழுந்து, வலக்கையும் வலக்காலும் போய், எழுபத்தொன்பது வருசமாய்ச் சேர்த்த சொல்லெல்லாம் கொட்டுண்டுபோன பிறகு அவளிடம் மிஞ்சினது அந்த ஒரு சொல்லுத்தான், பசிக்கும் எக்கோ, கோபத்துக்கும் எக்கோ, சேசுவே என்று கும்பிடுவதற்கும் எக்கோ.

மேசையில் கிடக்கிற சொல்லுத் தாளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளை இலாறியா தந்தது, பேச்சுப் பழக்குகிற பிள்ளை, மெல்லிசான பெட்டை, மூக்கில் மினுங்குகிற கல். இருபது சொல்லு பெரிய எழுத்தில், ஒவ்வொரு சொல்லையும் கோடு போட்டுத் துண்டுதுண்டாய் வெட்டி, வெட்டின துண்டில் எது பலமோ அதுக்குக் கீழே சிவப்புப் பேனையால் கீறி. பேச்சிருந்த பக்கம் தலைக்குள் கருகிப்போச்சு, பாட்டும் தாளமும் இருக்கிற மற்றப் பக்கம் சேதமில்லாமல் இருக்கு, கையால் தட்டித்தட்டிச் சொல்லை அந்தப் பக்கத்தாலே வெளியில் எடுக்கவேணும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். முன்வாசலில் பூட்டு இறுகினால் குசினிப் பக்கத்தால் வருகிற மாதிரி என்று மெற்றில்டா தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆறாம் வகுப்போடு நின்றவள் அவள், ஆனால் வெட்டுகிறது அவளுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. இரட்டையாய் வருகிற எழுத்து நடுவிலே பிளக்கும், மத்-தீ-னோ, லெத்-தோ, அதிலே என்ன கஷ்டம், அக்கா அப்பா என்று சொல்லி வளர்ந்த வாய்தானே. அந்த ஸ் என்கிற எழுத்துத்தான் கள்ளன், முன்னாலே ஒட்டி நிற்கிறமாதிரி நின்றுவிட்டுப் பின்னாலே போகிறவனோடு ஓடிவிடும், ஃபினேஸ்-த்ரா இல்லை, ஃபினே-ஸ்த்ரா. ஆனால் வெட்டுகிறது பாதி வேலைதான். பலம் எங்கே விழும் என்றதுதான் மற்றப் பாதி, அதுக்கு எழுத்தில் அடையாளம் இல்லை, கடைசியில் விழுந்தால் மட்டும் தலைக்கு மேலே ஒரு கீறு போடுவார்கள், கஃப்-ஃபே, சித்-தா, மற்றதெல்லாம் காதால் அறிந்துகொள்ளவேணும். வந்த புதிதில் அவள் தாவோ-லோ என்று நடுவிலே இழுத்து மேசை கேட்க, தளபாடக் கடைக்காரன் தன் பெண்சாதியையும் கூப்பிட்டு, இன்னொருக்கால் சொல்லு என்று கேட்டுச் சிரித்தவன். தா-வோ-லோ, முதலில் விழும். நீட்டுகிறதும் இல்லை, கத்துகிறதும் இல்லை. கரைவலை இழுக்கிறபோது ஊரில், பாசையூர்க் கரையில், அப்பு பாட்டெடுக்க, நாற்பது பேரும் ஒரே இடத்தில்தான் உன்னுவார்கள், அந்த இடத்தில் உன்னாதவன் கை கயிற்றில் எரியும், அதுதான் இதுவும், சொல்லுக்குள் எல்லாரும் சேர்ந்து இழுக்கிற இடம். அதைச் சொன்னபோது இலாறியா பேனையை வைத்துவிட்டாள். "நான் அஞ்சு வருசம் படிச்சது இதைத்தான், மத்தில்தே," என்றாள். மத்-தீல்-தே. தன் பேருக்குள்ளேயும் ஒரு இழுவை இருக்கிறது என்று இந்த ஊருக்கு வந்துதான் மெற்றில்டாவுக்குத் தெரியும், பத்தொன்பது வருசமாய் அந்த இழுவையில் கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்ப ஊரில் இருந்து அக்கா தொலைபேசி எடுத்தால் அவள் கூப்பிடுகிற மெற்றில்டாதான் வேறு ஆளாய் இருக்கிறாள்.

வெந்நீர் சரியான சூடு. முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு முகம், கழுத்து, காதுக்குப் பின்னாலே, செத்துப்போன வலக்கையை முதலில், கதைத்துக் கதைத்து, அந்தக் கைக்கும் கேட்கும் என்ற நினைப்பில். இந்தக் கை கலியாணச் சட்டை தைத்த கை, நாலு தெரு பரவலாய்ப் பெட்டைகளுக்கு, மெற்றில்டாவின் மகளுக்குக் கோவிலில் முதல்நன்மை வாங்குகிற அன்றைய சட்டையும் இந்தக் கைதான் தைத்தது, காசு என்று வாயெடுத்தபோது ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, போ அங்காலே என்று தலையை ஆட்டின மனுசி. பதினொரு வருசம். முதலில் நாளுக்கு மூன்று மணித்தியாலம் கூட்டித் துடைக்க வந்தவள், இப்ப விடிய வந்து பொழுதுபட்ட பிறகுதான் போகிறாள். நீலச் சட்டையை எடுத்து, "இது என்ன?" என்று கேட்டாள். க-மீ-ச்யா. ஊரில் பழைய ஆட்கள் கமிசை என்பார்கள், அம்மாச்சி ஆட்கள் காலத்து வாய், அலுமாரிக்கு இவர்கள் அர்-மா-த்யோ, வீட்டுச் செருப்புக்குச் ச்யா-பாத்-தா, அது எங்களுடைய சப்பாத்துத்தானே, எந்தக் கப்பலில் ஏறி எந்தக் கரையில் இறங்கிச்சோ, சொல்லுகள் மனுசரை விடத் தூரம் போகுதுகள், விசாவும் கேட்கிறார்களில்லை. சினியோராவின் இடதுகை அவள் மணிக்கட்டில் தட்டியது, மெல்ல, பலமாய், மெல்ல, உதடு மீ என்றது. பிறகு அந்தக் கை சட்டையின் மூன்றாவது பொத்தானில் போய் நின்றது. நூல் தளர்ந்திருக்கிறது. கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது. "ஓம் ஓம், பேந்து தைக்கிறன், உங்கடை மகன் பொத்தான் பார்க்கவோ வாறார்?" என்றாள் மெற்றில்டா, மகன் என்ன பார்க்க வருகிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மகன். உங்கடை மகன். தம்பி. இஞ்சினியர் ஐயா. பதினொரு வருசத்தில் அவள் அவனை என்னென்னவோ சொல்லியிருக்கிறாள், பேரைச் சொல்லவில்லை. மூன்று துண்டுச் சொல்லு, நடுவிலே இழுவை, தாளில் முதலாம் இலக்கம், சிவப்புக் கீறு மற்றதை விடத் தடிப்பு, ஏனென்றால் இலாறியா அதுக்கு மட்டும் இரண்டு தரம் கீறினாள். "இதுதான் முக்கியம், பிள்ளையின்ரை பேர், இது வந்தால் மற்றது பின்னாலே வரும், நாளுக்குப் பத்துத்தரம்." சரி என்று தலையாட்டினாள் மெற்றில்டா. எப்படிச் சொல்லுவது அந்தச் சின்னப் பெட்டைக்கு, அது என்ரை மனுசன்ரை பேர் என்று. ஒரே அர்ச்சியேட்டர், கடலைக் கடந்து போன புனிதர், அவருடைய பேரைத்தான் பாசையூரிலும் வைத்தார்கள், பலெர்மோவிலும் வைத்தார்கள், வாலிலே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். புருசன்ரை பேரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவரின்ரை ஆயுசில் ஒரு பிடி குறையும். அம்மா சொல்லவில்லை, அம்மம்மா சொல்லவில்லை, இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டே மூன்று பிள்ளை பெற்று பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. கலியாணத்தன்று சுவாமி சொல்லித்தரச் சொல்லித்தரத் திருப்பிச் சொன்னது ஒருதரம், அதுவும் முகத்தை மூடின நெற்றுக்குள்ளே, சுவாமிக்கே கேட்டதோ தெரியாது, சேசுவுக்கு முன்னாலே சொன்னது கணக்கில் இல்லை என்று மாமி சொல்லிவிட்டா. மற்றது இஞ்சை, பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி, ஒரு அரசாங்கக் கந்தோர் யன்னலில், கடதாசியை நீட்டினால் அந்தப் பெண் வாங்காமல், வாயால் சொல்லு, வாயால் சொல்லு என்று நிற்க, பின்னாலே சனம் நெருக்க, சொல்லிவிட்டாள். அன்று பின்னேரம் மனுசன் ஏணியில் நின்று ஆரோ வீட்டு விளக்கு மாற்றினவர், ஏணி சறுக்கி, கால் இரண்டு இடத்தில். விசர்க்கதை. அவளுக்கும் தெரியும் விசர்க்கதை என்று, மகள் கேட்டால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். ஏணிக்கு ஒரு கால் கட்டை, அதுதான் விழுந்தது. ஆனால் அந்த ஏணி அதுக்கு முந்தி இரண்டு வருசம் அதே கட்டைக் காலோடு நின்றதுதானே. இப்ப ஏணி இல்லை, நெஞ்சு. போன ஒக்டோபரில் நெஞ்சுக் குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்து, காலையில் மூன்று குளிசை இரவில் இரண்டு, படியேறினால் இரண்டாம் மாடியில் நின்று மூச்செடுக்கிறார், நிற்கவில்லை, பக்கத்து வீட்டுப் பூச்சாடியைப் பார்க்கிறன் என்கிறார். ஒரு பிடி குறைந்தால் என்ன மிஞ்சும் என்று ஆருக்குத் தெரியும்.

அதனாலேதான் முதலாம் இலக்கத்தை அவள் வாயை மூடிக்கொண்டு தட்டினாள். தட்டாமல் விடவும் மனம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் பத்துத்தரம், சினியோராவின் கையைப் பிடித்து, மகனின் படத்தைப் பார்க்கச் சொல்லி விரலால் காட்டி, மெல்ல, பலமாய், மெல்ல, உதட்டை இறுக்கி. மனசுக்குள் கூடச் சொல்லாமல், மனசுக்குள் சொன்னாலும் கணக்கோ என்ற பயத்தில், உந்தச் சொல்லு வருகிற இடத்தில் மனசுக்குள்ளே ஒரு வெள்ளைக் கடதாசியை ஒட்டிவிட்டு. மற்றச் சொல்லுக்கெல்லாம் சினியோராவின் கண் அவள் வாயிலே நிற்கும், வாய் எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று, தையல்காரி ஊசித்துளை பார்க்கிறமாதிரி. இந்த ஒன்றுக்கும் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். வாய் திறக்காது. தட்டி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்ப்பாள், பிறகு தானும் உதட்டை இறுக்கிக்கொண்டு தட்டுவாள், அப்படித்தான் இந்தச் சொல்லு என்று நினைத்துக்கொண்டு, வாய் மூடிச் சொல்லவேண்டிய சொல்லு என்று. நான் பழக்கினது அது. கடவுளே, ஒரு தாய்க்குத் தன்ரை பிள்ளையின்ரை பேருக்கு வாயை மூடப் பழக்கினனான். இலாறியாவுக்குச் சொல்லியிருக்கலாம், பத்துத்தரம் வந்தவள்தானே, பத்தாம் தரம் போகிறபோது கட்டிப்பிடித்துக் கொஞ்சி, இனி நீதான் என்று சொல்லிவிட்டுப் போனாள், அப்பவாவது. என்ன சொல்லியிருப்பாள். சிரித்திருக்க மாட்டாள். அதுதான் கஷ்டம், சிரிக்கிறவர்களுக்கு மறுமொழி சொல்லலாம்.

மோக்காக் கேத்தில் பொங்கிச் சத்தம் போட, அதே நேரம் தொலைபேசியும் அடித்தது. அவர்தான். உணவகத்துக் குசினிக்குள் கோப்பை தட்டுப்படுகிற சத்தத்துக்கு நடுவிலே, "இஞ்சேரும், வந்திட்டானோ பெடியன்?"

"பெடியனோ, அவருக்கு அம்பது வயசு. இன்னும் இல்லை. காலமைக் குளிசை போட்டனீங்களோ?"

"போட்டன்."

"மூண்டுமோ?"

"மூண்டும்தான், வெள்ளை, மஞ்சள், அந்தக் கசக்கிறது. நீர் என்ன பொலிசோ?" சிரித்தார், சிரிப்பு முடிகிற இடத்தில் மூச்சு கொஞ்சம் இழுபட்டது, அல்லது அவளுக்கு அப்படிக் கேட்டது. "யோசியாதையும். நல்லவனாய்த்தான் இருப்பான். என்ரை பேரெல்லே அவனுக்கும்."

"அந்தப் பேருக்காரர் எல்லாம் நல்லவையெண்டு ஆர் சொன்னது?"

"சொல்லும் பாப்பம் அந்தப் பேரை, ஒருக்கால்."

"கோப்பி பொங்குது, வைக்கிறன்."

முப்பத்திரண்டு வருசமாய் இந்த ஒரு பகிடியைத்தான் விடுகிறார். அவள் கோப்பியை இரண்டாய் ஊற்றினாள், சினியோராவுக்குச் சீனி ஒன்றரை, கெட்டியாக்குகிற தூள் கலந்து, விக்காமல் இருக்க. பகிடிதான். ஆனாலும் ஒருநாள், குழாய் வைத்துவிட்டு வந்த கிழமை, கட்டிலில் கிடந்துகொண்டு, கண்ணைத் திறக்காமல், "அங்கை உள்ளை கிடக்கேக்க ஒரு வெள்ளைக்காரப் பெட்டை என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினவள், பிழையாத்தான் சொன்னவள், எண்டாலும் கேக்க நல்லாயிருந்தது," என்றார். அவள் போர்வையை இழுத்துவிட்டாள். அது பகிடி இல்லை. அதை அவள் பகிடிகளோடு சேர்த்து வைத்தது தன் சுகத்துக்காக.

மகன் போனமுறை வந்தது ஐந்து கிழமைக்கு முந்தி. வடக்கே தோரினோவில் பெரிய வேலை, பெரிய மேற்சட்டை, கதவாலே வரும்போதே குரல் முன்னுக்கு வரும், பொல்லாத ஆள் இல்லை, அவனுக்கு அழத் தெரியாது, அதனாலே உரத்துக் கதைக்கிறான். தாயின் முன்னால் குந்தியிருந்து, "அம்மா, நான் ஆர்? சொல்லுங்கோ, நான் ஆர்?" என்றான். எக்கோ. திரும்பவும் கேட்டான். எக்கோ. குசினிக்குள் வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான், தண்ணீர் குடிக்கவில்லை. "அவவுக்கு என்னைத் தெரியேல்லை, மத்தில்தே. உங்களுக்குச் சொல்லுற அதே சொல்லைத்தான் எனக்கும் சொல்லுறா, பூனைக்கும் சொல்லுறா. தெரியாத ஆள் எண்டால் எங்கை இருந்தா என்ன? தோரினோவில எனக்குப் பக்கத்தில ஒரு இடம் பார்த்திருக்கிறன், தோட்டம் இருக்கு, தாதிமார் இருக்கினம். அடுத்தமுறை வாறபோதும் இப்பிடியெண்டால் கூட்டிக்கொண்டு போறன்." அவள் சொல்லியிருக்கவேணும் அப்ப. அவவுக்கு உன்னைத் தெரியும், உன்ரை படத்தைப் பார்த்தபடிதான் நித்திரையாகிறா, உன்ரை பேரை நான்தான் பழக்கவில்லை என்று. வாய் வரவில்லை. உள்ளே, கதிரையில், சினியோராவின் இடதுகை கதிரைக் கையில் தட்டிக்கொண்டிருந்தது, மெல்ல, பலமாய், மெல்ல, அப்ப தொடங்கின புதிது, மெற்றில்டா அதைக் கைநடுக்கம் என்று நினைத்தாள். நினைத்தாளோ, நினைக்க விரும்பினாளோ. தோட்டம் இருக்கு, தாதிமார் இருக்கினம், ஆனால் எதிர்வீட்டு மனுசி விரிப்பு உதறுகிறது இருக்காது, கீழே மீன்காரன் கூவுகிறது இருக்காது, கண்ணாலே பொத்தான் காட்ட விளங்குகிற ஆள் இருக்காது. அங்கே எக்கோ என்றால் வயசுபோன மனுசி புலம்புகிறாள் என்று எழுதிவிட்டுப் போவார்கள். இலை விழுகிறமாதிரி ஒருநாள் போய்விடுவாள்.

மணியடித்தது. பத்து ஐம்பது, இவன் எப்பவும் முந்தியே வருவான். கதவைத் திறந்தாள், முதலில் கண்டது அவனை இல்லை, கையிலிருந்த சூட்கேசை, சில்லு வைத்த பெரிய சாம்பல் நிறச் சூட்கேஸ், அவன் தூக்கிய விதத்திலேயே உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. வெறும் சூட்கேஸ். நிரப்பிக்கொண்டு போக வந்திருக்கிறான். நடையில் சுவரோடு சாத்தி வைத்தான், வைத்தபிறகு அதைப் பார்க்காமல் நின்றான். "எப்பிடி இருக்கிறா?" குரல் இன்றைக்கு முன்னுக்கு வரவில்லை.

"இருக்கிறா. வாங்கோ. யன்னலுக்குப் பாதி சொல்லுறா. சட்டைக்கு நடுவில சொல்லுறா," என்றாள், சொல்லும்போதே தெரிந்தது அவனுக்கு அது ஒன்றுமில்லை என்று, ஆர்தான் யன்னலுக்காக ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் வருவான். தாயின் முன்னாலே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான், நெற்றியில் கொஞ்சினான், நீலச் சட்டையின் கழுத்தைச் சரி செய்தான். "அம்மா." அவளுடைய கண் அவன் முகத்தில் ஊர்ந்தது, புருவம், மூக்கு, தாடி, தைத்து முடித்த சட்டையைத் தடவிப் பார்க்கிறமாதிரி. "அம்மா, நான் ஆர்?"

"எக்கோ."

அவன் தலையை ஆட்டினான், ஓம் அம்மா, ஓம், என்றான், மெற்றில்டாவைப் பார்க்காமல் நடைப்பக்கம் பார்த்தான். அப்ப சினியோரா கையை நீட்டினாள். இடதுகை. அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, உள்பக்கத்தில், நாடி பார்க்கிற இடத்தில், தட்டினாள். மெல்ல, பலமாய், மெல்ல. உதடு இறுக்கி மூடியிருந்தது.

"என்ன அம்மா? ஏதோ வேணுமாம். யன்னலோ?" அவனுக்கும் அந்தத் தாளைப் பற்றித் தெரியும், மூன்று தட்டு என்று எண்ணினான் போல. எழும்பிப் போய் யன்னலைத் திறந்தான், தெருவின் சத்தம் எல்லாம் உள்ளே வந்தது, மோட்டார்சைக்கிள், மீன்காரன், ஒரு பிள்ளையின் அழுகை. சினியோரா கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யன்னலைப் பார்க்கவில்லை. அவன் திரும்பி வந்து இருந்ததும் பழையபடி மணிக்கட்டைப் பிடித்தாள், மெல்ல, பலமாய், மெல்ல. "சட்டையோ? குளிருதோ?" அவன் எழும்பிச் சால்வையை எடுத்து வந்தான். யன்னல் இல்லை, சட்டை இல்லை, யன்னலுக்கு ஃபி என்று ஊதுவாள், சட்டைக்கு மீ என்பாள், உதட்டை மூடித் தட்டுகிற சொல்லு உலகத்திலே ஒன்றுதான், அதை அறிந்தவர்கள் இரண்டு பேர்தான், ஒருத்திக்கு வாய் இல்லை. மற்றவளுக்கு இருக்கு. தாளைக் காட்டலாம். காட்டினாள், மேசையிலிருந்து எடுத்து முதலாம் இலக்கத்தில் விரலை வைத்தாள், அவன் வாசித்துவிட்டுச் சோர்வாய்ச் சிரித்தான். "ஓம், இலாறியா எழுதினது. எழுதியிருக்கிறது தெரியும், மத்தில்தே. அவ சொல்லேல்லையே. கை நடுங்குது, பாவம்." நீங்கள் சொல்லுங்கோ உங்கடை பேரை, அவ தட்டேக்க என்று சொல்லலாம், அதுதான் நல்ல வழி, அவன் தன் பேரைத் தானே சொல்லட்டும், ஆருடைய ஆயுசும் குறையாது, சொல்ல வாயெடுத்தாள். அப்பதான் கண்டாள், சினியோரா மகனைப் பார்க்கவில்லை. மெற்றில்டாவின் வாயைப் பார்க்கிறாள். நாற்பது நாளாய்ப் பார்த்த அதே பார்வை, ஊசித்துளைப் பார்வை, நூலை நனைத்து முறுக்கிப் பிடித்துக்கொண்டு, இப்ப போகும் இப்ப போகும் என்று. கேட்கிறாளில்லை, கோபமும் இல்லை, காத்திருக்கிறாள். ஏணிக்கு ஒரு கால் கட்டை. கம்பிச்சுருள் பத்து வருசம் போகும் என்று டொக்ரர் சொன்னவர். மாமி செத்து மண்ணாய்ப்போய்விட்டா. குளிசை மூன்றும் போட்டவர், வெள்ளை, மஞ்சள், கசக்கிறது. பிழையாத்தான் சொன்னவள், எண்டாலும் கேக்க நல்லாயிருந்தது. கடலைக் கடந்தவரே, உம்முடைய பேர்தானே, உம்மைத்தான் கூப்பிடுகிறேன் என்று வைத்துக்கொள்ளும், பிடி குறைக்கிறதென்றால் என்னிலே குறையும். கயிறு இழுபட்டுவிட்டது, நாற்பது பேரும் காலை மண்ணில் ஊன்றிவிட்டார்கள், பாட்டெடுக்கிறவள் வாய் திறக்கவேணும். மெற்றில்டா குனிந்து, மகனின் மணிக்கட்டில் இருந்த அந்த இடதுகைக்கு மேலே தன் கையை வைத்தாள். மெல்ல, பலமாய், மெல்ல.

"ச-வே-ர்யோ," என்றாள்.

குரல் பெரிதாய் வந்துவிட்டது, தெருவுக்கும் கேட்டிருக்கும். மகன் நிமிர்ந்து பார்த்தான். பதினொரு வருசத்தில் அவள் வாயால் அந்தப் பேர் வருகிறது முதல்தரம் என்று அவனுக்கும் அப்பதான் உறைத்ததுபோல. "சவேர்யோ," என்றாள் திரும்பவும், தட்டு விழுகிற இடத்தில் சொல்லும் விழ, சிறகு சரியாய்த் தன் இடத்தில் மடிகிறமாதிரி. அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். தட்டுகிறது நடுக்கம் இல்லை என்று கண்டுகொண்டான். "அப்ப இவ்வளவு நேரமும்," என்று தொடங்கி முடிக்கவில்லை. மூன்றாம்தரம் சொல்லும்போது சினியோராவின் உதடு பிரிந்தது, கீழுதட்டில் மேற்பல் தொட்டது, காற்று வந்தது, தாமதித்து, பிறகு, "வே," என்றாள். "வே." முன்னுக்கு வருகிறதும் வரவில்லை, பின்னுக்கு வருகிறதும் வரவில்லை. ஆனால் எல்லாரும் சேர்ந்து இழுக்கிற இடம் அதுதான். அவள் மகனைப் பார்த்தாள், பிறகு மெற்றில்டாவைப் பார்த்தாள், இவ்வளவுதானே, இதுக்கே இந்தப் பாடு என்கிறமாதிரி, "எக்கோ," என்றாள், இந்தமுறை அந்தச் சொல்லு தன் சொந்த அர்த்தத்திலேயே வந்தது.

"நான்தான் அவவுக்குச் சொல்லிக் குடுக்கேல்லை," என்றாள் மெற்றில்டா. "தட்ட மட்டும்தான் பழக்கினனான். எங்கடை ஆக்கள் புருசன்ரை பேரைச் சொல்லமாட்டம். அவரின்ரை பேரும் அதுதான். உங்களை அவவுக்கு எப்பவும் தெரியும். பிழை என்னிலை." இத்தாலியனில் அதெல்லாம் எப்படி வந்ததோ, எந்த இடத்தில் இழுத்தாளோ, எல்லாம் பிழையாய்த்தான் இருந்திருக்கும். அவன் தாயின் கையைத் தன் தாடியோடு வைத்துக்கொண்டு இருந்தான், மூச்சு மட்டும் பெரிதாய் வந்தது, அழத் தெரியாதவர்கள் அப்படித்தான் அழுகிறது. கொஞ்சம் கழித்து எழும்பி நடைக்குப் போனான். சூட்கேசின் சில்லு ஓடு பாவின நிலத்தில் உருளுகிற சத்தம் கேட்டது, சத்தம் அறைக்குள் வந்தது, அவன் கதிரை போட்டு ஏறி, வெறும் சூட்கேசைத் தூக்கி, அலுமாரிக்கு மேலே, சுவரோடு தள்ளி வைத்தான். இறங்கிக் கையிலிருந்த தூசியைத் தட்டினான். "இன்னொருக்கால்," என்றான் கதிரையைத் தாய்க்குப் பக்கத்தில் இழுத்து. "இன்னொருக்கால் தட்டுங்கோ அம்மா." அவளுக்கு இரண்டாம்தரம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

மெற்றில்டா குசினிக்கு வந்தாள்.  தொலைபேசியை எடுத்து அழுத்தினாள், அடித்தது, ஒன்று, இரண்டு, எடுக்கவில்லை, மூன்று, படியில் நிற்கிறாரோ, நாலு, பூச்சாடி பார்க்கிறாரோ, ஐந்து, நான் என்ன செய்துபோட்டன், ஆறு.

"என்னப்பா, வேலை நேரத்தில?" கோப்பைச் சத்தம், ஆரோ பின்னாலே பாடுகிறான், ஒரு அண்டா உருளுகிறது.

"இஞ்சாருங்கோ," என்றாள். "இண்டைக்கு ஏணியில ஏறாதேங்கோ."

"ஏணியோ? நான் கோப்பை கழுவுறன். தண்ணித்தொட்டிக்குள்ள விழுந்தால்தான் உண்டு. அழுறீரோ? கூட்டிக்கொண்டு போறானோ மனுசியை?"

"இல்லை. இருக்கிறா. இஞ்சைதான் இருக்கிறா. அவவுக்கு ஒரு சொல்லு வந்திட்டுது."

"என்ன சொல்லு?"

அறைக்குள்ளிருந்து மகனின் சிரிப்புக் கேட்டது, அதுக்குள்ளே ஒரு சின்ன, கறள்பிடித்த வே. அவள் தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் அவருடைய மூச்சைக் கேட்டாள், ஒழுங்காய்த்தான் வந்தது, போனது, வந்தது. விரல் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டை வாங்கோ," என்றாள். "சொல்லுறன்."